டிவியில் வராத தூரம்

கெரோல்ஃப் பதினொரு வருடம் சைக்கிள் பந்தயத்தில் சம்பளம் வாங்கியவர். ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. ஜெயிக்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. அணித் தலைவர் சாபேவுக்கு முன்னால் ஓட்டி எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வரும் காரிலிருந்து தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு வந்து கொடுப்பார். நூற்றைம்பது கிலோமீட்டரில் கால் செத்ததும் ஓரமாக இறங்கிவிடுவார். அவ்வளவுதான் உத்தியோகம். டிவியில் படம் வரத் தொடங்குவது மதியம் இரண்டரைக்கு. அதற்குள் இவர் அணியின் வேனில் போர்வைக்குள் இருப்பார்.

பிப்ரவரியில் ஒரு பந்தயத்தில், மழையில் நனைந்த கல் பாவிய சாலை வளைவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மாடி ஏற முடியாததால் கட்டில் கூடத்துக்கு இறங்கி வந்தது. ஏப்ரலுக்குள் மனுஷர் படுத்துப் படுத்தே களைத்துப்போனார். கோடையில் மறுபடி ஓட்டலாம், ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் இந்த இடுப்பு தாங்காது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயம் முடிந்ததும் கூப்பிடுகிறேன், வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு என்றார் மேனேஜர்.

அன்று ஊரே சாலையோரம் போய் நின்றது. வீட்டில் இவரும் மனைவி லுட்கார்டும்தான். லுட்கார்ட் ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்திரிகையில் வந்த பெயர்ப்பட்டியலை மடியில் விரித்திருந்தாள். விலகியவர்களின் பெயரை ரேடியோ சொல்லச் சொல்ல பென்சிலால் அடிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

கெரோல்ஃபுக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட ஆசை. தான் இல்லாமல் சாபே திணற வேண்டும். அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும், வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்.

இரண்டரைக்குப் படம் வந்தது. சாபே முன்வரிசையில், அப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியவர் மாதிரி தெம்பாக இருந்தார். கெரோல்ஃபுக்கு வயிறு எரிந்தது. அப்படி எரிந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

ரேடியோ ஏதோ சொல்ல, லுட்கார்ட் ஒரு பெயரை அடித்தாள்.

“யாரு?”

“டி பாவ். உன் இடத்துல வந்தவன்.”

“என் பேரையும் இப்படித்தான் அடிப்பியா?”

“ஆமா. அடிச்சாதான் எனக்கு மூச்சே வரும். இன்னிக்கு விழல, இறங்கியாச்சுன்னு இஸ்திரி போடப் போயிடுவேன். யாரு ஜெயிச்சான்னு ஒரு தடவகூடப் பாத்ததில்ல.” அவள் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பிப்ரவரிலயும் உன் பேரைச் சொன்னாங்க. நிம்மதியா அடிச்சேன். ரெண்டு சட்டை தேச்சு முடிச்சப்பதான் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துது.”

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. பந்தயம் என்றாலே இவளுக்கு ஆகாது என்றுதான் பதினொரு வருடமாக நினைத்திருந்தார். சாபே முதலாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கியபோது இவர் டிவியைப் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. லுட்கார்ட் அதைக் கட்டிலுக்கு எடுத்து வந்தாள். அந்தப் பக்கம் ஒரே கும்மாளம்.

“நான் வரல” என்றார் கெரோல்ஃப்.

சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்றார் மேனேஜர்.

முதல் தடவை வராத அழுகை இப்போது வந்துவிட்டது. லுட்கார்ட் ரிசீவருக்குக் கை நீட்டினாள். இவர் கொடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் உரக்கச் சொன்னார்.

“வரல. இனிமே வரமாட்டேன்.”