கல்யாணக் காரில் ஹீட்டர்

அத்தையின் கல்யாணத்துக்கு முந்தைய நாள் பிற்பகல். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு வேன் முன்னால் போய்விட்டது. மணப்பெண்ணை மட்டும் தன் காரில்தான் அழைத்துப்போவேன் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். அது அவர் பழையதாக வாங்கிய கார். ஏசி எப்போதோ செத்துப்போயிருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பதும் சந்தேகம்தான். ஆனாலும் ஒரே தங்கையை வாடகை வண்டியில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம், மண்டபம் அதியமான்கோட்டையில். மாலை நல்ல நேரம் முடிவதற்குள் பெண் அங்கே போய் இறங்கியாக வேண்டும். அம்மா சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் பட்டுப்புடவையில் அத்தை, அந்தப் புடவையைக் கசக்கிக்கொண்டு நான். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

ஊர் எல்லைக் கோயிலில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். கிளம்பாமல் போய்விடுமோ என்று அப்பா எஞ்சினை ஓடவிட்டே வந்திருந்தார். பூசை முடிந்து திரும்பினால் பானெட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி. அம்மா அதைச் சாம்பிராணிப் புகை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா ஓடிப்போய் எஞ்சினை அணைத்தார். சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்.

"அண்ணா! மூடியத் தொடாதீங்க, மூஞ்சி வெந்துடும்!" என்று மணப்பெண் கத்தினாள்.

அத்தை ஓசூரில் ஒரு கார் சர்வீஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஆனால் அப்பா தன் காரை அவளிடம் காட்டியதே இல்லை. எங்கே விற்றுவிடச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"தண்ணி கொறஞ்சிருக்கும். ஊத்துனா சரியாயிடும்" என்றார் அப்பா.

அத்தை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். "ஒரு சொட்டுகூட ஒழுகலையே. ஓடும்போது முள்ளு ஏறுதா?"

"ஓடும்போது ஏறாது. எங்கனா நின்னாத்தான்."

"அப்ப ரேடியேட்டர் ஃபேனுதான் சுத்தல."

மருதாணிக் கையால் பானெட்டைத் தூக்கினாள். அம்மா அலறிக்கொண்டு வந்து, புடவையைப் பின்னாலிருந்து சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அத்தை ஃபியூஸைப் பிடுங்கி வானத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கம்பி அறுந்திருக்கவில்லை. டிக்கியில் கிடந்த ஒயரைக் கொண்டு பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்குக் கொடுக்கச் சொன்னாள். ஃபேன் அசையவே இல்லை.

"மோட்டார் போயிடுச்சுண்ணா. இங்க ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். "பாலக்கோடு வந்துட்டோங்க" என்று அம்மா கோயில் வாசலில் நின்றபடி, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

எஞ்சின் ஆறியது. மெதுவாக மூடியைத் திறந்து, குறைந்திருந்த தண்ணீரை ஊற்றினார்கள். அப்பா சாவியைத் திருப்ப, கார் புண்ணியத்துக்குக் கிளம்பியது. உடனே அத்தை பின்னாலிருந்து கையை நீட்டி ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டாள்.

"அடிப்பாவி, இந்த வெயில்ல ஹீட்டரா?" என்றாள் அம்மா.

"எஞ்சின் சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கலாம் அண்ணி. கண்ணாடிய எல்லாம் எறக்குங்க."

பாலக்கோட்டில் தக்காளி வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஹீட்டர் அடுப்பு வாய் மாதிரி வீசியது. என் முகத்துப் பவுடர் கோடுகோடாக வழிந்தது. அத்தையின் மல்லிகைப்பூ வதங்கிச் சுருண்டது. முள் மட்டும் சிவப்புக்குக் கொஞ்சம் கீழே நின்று, மேலே ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக வண்டிகள் நகர்ந்தன.

ஊரைத் தாண்டியதும் ரோடு அகலமானது. காற்று குபீரென்று அடிக்க, முள் சரசரவென்று கீழே இறங்கியது. அப்பா ஹீட்டரை அணைக்கக் கையைக் கொண்டுபோனார்.

"இருக்கட்டும்ண்ணா" என்றாள் அத்தை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

அப்பா கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்தார். "சரி கண்ணு" என்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். வேர்க்குது, வேர்க்குது என்று நான் மட்டும்தான் வழிநெடுக முனகினேன்.

நல்ல நேரம் முடியுமுன்பே மண்டபத்துக்குப் போய்விட்டோம். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள், கண்மை கன்னம்வரை வழிந்திருந்த அத்தையைப் பார்த்ததும் பதறிப்போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, இதுவும் உன் வூடுதான்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்த அழுவலைங்க! ஹீட்டர் போட்டோம், அதான் வேர்த்துடுச்சு!" என்று கத்தினேன்.

ஆரத்தித் தட்டு ஆடும் அளவுக்கு எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "ஃபேன் பெல்ட்டா?" என்று கேட்டார். "இந்த வண்டிக்கு பெல்ட் கெடையாதுங்க. மோட்டார்" என்று அத்தை திருத்தினாள். கல்யாணத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

அத்தையின் மானத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கார் ஓடும்போது எதிர்காற்றே எஞ்சினைக் குளிரவைத்துவிடும், பாலக்கோட்டைத் தாண்டிய பிறகு அந்த ஹீட்டருக்கு எஞ்சினிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை என்பது அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.