பூஜையறைத் தாம்பாளம்

பத்மப்ரியாவிடம் சமத்துவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுவாள். வீடு திருநெல்வேலி குறுக்குத்துறை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, சமூக நீதி மன்றத்துக்குச் செயலாளர் வேறு. பக்கத்தில் உட்காருகிற கலையரசிக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "பேசுனது போதும்ட்டி, எதையாவது செய்யுங்க" என்று அவள் ஒருநாள் சொல்லப்போக, பத்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

என்ன செய்யலாம்? தெருவைச் சுத்தம் செய்கிற ஓர் அம்மாவை மேடையேற்றிப் பாத பூஜை செய்யலாம்! அடடா, மன்றமே குதித்தது. கல்லூரிப் பக்கம் சாக்கடை அள்ளுகிற சுடலைவடிவைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரி போகச் சொன்னதால் அந்த அம்மாவும் வந்தாள். பித்தளைத் தாம்பாளம் பத்மா வீட்டுப் பூஜையறையிலிருந்து வந்தது. கல்லூரி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுகிற கலையரசிக்கு, யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதே தெரியாது.

மேடையில் அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் தாயி, விட்டுரு."

பத்மாவா விடுகிற ஆள்? கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். மஞ்சள் தண்ணீர் பட்டதும் அந்த அம்மா பல்லைக் கடித்தாள். ஒரே கைதட்டல். அதற்கு நடுவே கலையரசி எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. "அது அவ அம்மால்லா, உனக்குத் தெரியாதா?" என்று கூடப் படிக்கிற ஃபெபி கேட்டபோது பத்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் ஒரே டிபன் பாக்ஸில் பங்குபோட்டுத் தின்றவள், உங்க அம்மா என்ன பண்றாங்க என்று ஒரு தடவை கேட்டிருப்பாளா? படமோ எல்லார் ஸ்டேட்டஸிலும் ஏறிவிட்டது.

சாயங்காலமே பேட்டைக்கு பஸ் ஏறினாள். கலையரசி வீட்டு வாசலில் நின்று அழுதாள்.

"மன்னிச்சுக்கோடி. படத்த எல்லாரையும் அழிக்கச் சொல்லிட்டேன். காண்ட்ராக்ட்காரர்கிட்ட பூட்ஸ் கேட்டு நாங்க எல்லாரும் போறோம். நீ காலேஜுக்கு மட்டும் வந்துடு."

கலையரசி முகத்தில் கோபம்கூட இல்லை. "பூட்ஸ் கேளுங்க, அது வேணும். சரி, அந்தத் தாம்பாளம் இப்ப எங்கன இருக்கு?"

பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நேற்று வீட்டுக்குள் நுழையும்போதே அவள் அம்மா நாகலக்ஷ்மி, "அத இனிமே உள்ள கொண்டு வராதே" என்றாள். இவளும் "சரிம்மா" என்று கொல்லைக் குழாயடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மேடையில் அத்தனை பேசிய வாய், வீட்டில் ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அப்போது அது தப்பாகக்கூடத் தோன்றவில்லையே! இப்போது நினைக்க உடம்பே கூசியது.

"கொல்லையில" என்றாள்.

உள்ளேயிருந்து சுடலைவடிவு குரல் கொடுத்தாள். "யாருட்டி, அந்தப் பிள்ளையா? வெளிய நிக்க வச்சுப் பேசுத? உள்ள வரச் சொல்லு."

பத்மாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "நாளைக்கு வருவியாடி?"

"வருவேன். படிக்கணும்லா" என்றாள் கலையரசி. "ஆனா நான் வேற பெஞ்சுல உக்காந்துக்கிடுதேன்."