ஏழாம் கேள்விக்கும் ஓம், எட்டாம் கேள்விக்கும் ஓம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். கூட்டாளி எழுதிய ஆய்வேடு கறுப்பு மட்டை போட்டு அவன் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அதில் என்னைப் பற்றி ஒரேயொரு வரிதான். ஒரு வரியில் அடங்குகிற ஆளா நான்?

நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். கூட்டாளி கம்பசில் பட்டப்படிப்புக் கடைசி வருஷம். நான் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தரம் விழுந்து, கல்பிட்டியில் மீன் லொறிகளுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் காலில் வரும் புண்தான் அவனுடைய ஆய்வு. என்னைச் சேர்த்துக்கொண்டது மூளைக்காக இல்லை, மோட்டார் சைக்கிளுக்காக. அறுபது பேரிடம் கேள்வி கேட்க வேண்டும். ஆளுக்கு முப்பது தாள். தாளில் இருப்பதை அப்படியே வாசி, உன் வாயால் ஒன்றும் சேர்க்காதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். என் வாயைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

அப்படியே வாசித்தேன், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல. ஏழாவது கேள்வி: வேலை தருபவர் பாதுகாப்புக் காலணி வழங்குகிறாரா? எட்டாவது: காலணி இல்லாமல் வேலை செய்கிறீர்களா? பாத்தியில் குனிந்து பலகையால் உப்பை இழுத்துக்கொண்டே அவர்கள் ஓம், ஓம் என்றார்கள். நானும் ஓம், ஓம் என்று புள்ளடி போட்டேன். கூட்டாளி நாலு பேரை முடிக்குமுன் நான் இருபத்திநாலை முடித்துவிட்டேன். வெயில் ஏறியது. மிச்சம் ஆறு தாளையும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். கொஞ்சம் ஓம், கொஞ்சம் இல்லை. ஒரு மனுஷனுக்குப் பதினொரு பிள்ளைகள் கொடுத்தேன். அவருடைய இடது காலில் மட்டும் புண்.

அடுத்த கிழமை கம்பசிலிருந்து திரும்பி வந்தவன், என் தாள்களைக் கதிரையில் போட்டான். அவனுக்குப் படிப்பிக்கிற சேர் இருபத்திநாலு தாளிலும் சிவப்புக் கோடு இழுத்திருந்தார். எல்லோருக்கும் காலணி கிடைக்கிறது, எல்லோரும் வெறுங்காலோடு வேலை செய்கிறார்கள், இதென்ன ஆய்வு என்று கேட்டாராம். திரும்பக் கேட்டு, எழுதி, மூன்று கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடுதான் அவன் முடிக்க வேண்டும். ஆறு தாளுக்கு மட்டும் சேர் சரி போட்டிருந்தார். இவை நல்ல பதில்கள், மற்றவர்களிடமும் இப்படி விபரமாகக் கேள் என்று ஓரத்தில் எழுதியும் இருந்தார். எல்லாம் தேத்தண்ணிக் கடையில் பிறந்தவை. அந்த ஆறையும் அடியில் செருகிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன்.

மறுபடி உப்பளத்துக்குப் போனோம். முதல் ஆள், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அகதியாக வந்த ஒரு முஸ்லிம் ராத்தா. ஏன் இரண்டுக்கும் ஓம் சொன்னீர்கள் என்று கேட்டதும் சிரித்தார்.

"தம்பி, நீங்க வாசிச்சிக்கிட்டே இருந்தீங்க. கேட்டுக்கிட்டு இரிக்கிறன் எண்டு ஓம் சொன்னன். தாள் கொண்டு வாறவங்களுக்கு ஓம் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இல்லை எண்டா நிவாரணத்திலயிருந்து பேரை வெட்டிருவாங்களே."

கூட்டாளி தாளை மடித்து வைத்துவிட்டு, நேற்றுக் காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டான். ஒன்றும் இல்லையாம். பூட்ஸ் கொடுத்தார்கள்தானாம், ஆனால் ஆம்பிளை அளவு. உள்ளே போகிற உப்புத் தண்ணீர் வெளியே வராதாம். வாடிக் கொட்டிலில் தொங்குகிறது, போய்ப் பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தோம். வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குள் யாரோ பீடிக்கட்டு வைத்திருந்தார்கள்.

அப்படியென்றால் என் தாள் சரிதானே, ஏழுக்கும் ஓம், எட்டுக்கும் ஓம் என்று நான் குதித்தேன். அது தற்செயலாகச் சரியானது, எந்த ஓம் பதில், எந்த ஓம் சும்மா என்று உனக்கே தெரியாது என்றான். இருபத்திநாலு பேரிடமும் முதலிலிருந்து கேட்டோம். ஓம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியே கேட்கவில்லை. ஒரு ஆளுக்கே முக்கால் மணித்தியாலம் போனது.

கடைசி நாள் அவன் அந்தப் பதினொரு பிள்ளைக்காரரின் தாளை எடுத்தான். சேருக்கு இவரை நன்றாகப் பிடித்திருக்கிறது, ஒருக்கால் பார்க்கவேண்டும் என்றான். அவர் சிலாபத்துக்குப் போய்விட்டார் என்றேன். அடுத்தவர்? அவரும் சிலாபம். மூன்றாவது தாளை எடுத்தவன் என் முகத்தைப் பார்த்தான்.

"ஆறு பேரும் சிலாபமா?"

சொல்லிவிட்டேன். அறுபது என்றே எழுது மச்சான், உப்பளத்துக்கு வந்து யார் தலை எண்ணப்போகிறார்கள் என்று கேட்டேன். புதிதாக ஆறு பேரைக் கேட்கவும் அவனுக்கு நாள் மிச்சமில்லை. ஆறு தாளையும் தனியாக எடுத்து மடித்தான்.

"இரிக்கிறத எழுதத்தான்டா நான் படிக்கிறன். இல்லாதத எழுத நீ ஒருத்தனே காணும்."

அன்றைக்கு என் மோட்டார் சைக்கிளில் ஏறாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.

தவணைக்கு முதல்நாள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டான். குறைபாடுகள் என்ற பகுதியில் அந்த வரி இருக்கிறது: நேரில் கேட்டுப் பெறப்படாத ஆறு வினாத்தாள்கள் நீக்கப்பட்டன. அந்த ஆறையும் நிரப்பியது யார் என்று சேர் அரை மணித்தியாலம் ஏசிக் கேட்டாராம். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. இதை எனக்குச் சொன்னது அவனில்லை, அவனோடு படித்த இன்னொருவன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் கதை குறைந்துபோனது. இவ்வளவையும் எழுதி, போனில் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். கீழே, இப்ப என்னோட கோவம் இல்லத்தானே மச்சான் என்று கேட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அதுவும் சும்மா ஓம் சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஏழாம் கேள்வி மாதிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"ஓம்."