ரத்தம் பார்க்காத கத்தி

போர்க் கத்தி சேர்க்கிறவன் ராமேஸ்வரத்தில் குடியிருக்கக் கூடாது. உப்புக் காற்று பூட்டின பீரோவுக்குள்ளும் வந்துவிடும். ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் துரு பூத்துவிடும். என்னிடம் துப்பாக்கி முனையில் மாட்டும் பயனெட்டுகள் சில, கூர்க்கா கத்தி ஒன்று, உலகப் போரில் எந்த வெள்ளைக்காரன் இடுப்பிலோ தொங்கிய குத்துக்கத்தி ஒன்று என்று ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. வேலையில் இருந்த காலத்தில் பழைய இரும்புக் கடைகளிலும் பட்டாளத்துக்காரர் வீடுகளிலும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியவை. இப்போது தையல் மிஷின் எண்ணெயும் துணியுமாக உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எந்தப் புண்ணியத்துக்கு இதையெல்லாம் சேர்த்தோம் என்று அலுத்துக்கொள்ளாத வாரம் இல்லை.

அதில் ஒன்று மட்டும் பீரோவில் தங்காது. எங்கள் சொந்த ஊரான சிக்கலில் இருக்கும் பட்டாளத்து மாமா கொடுத்த கத்தி. அவர் பங்களாதேஷ் போருக்குப் போய்த் திரும்பும்போது கொண்டுவந்தது. எதிரிப் படைக்காரனுடையது, சேற்றில் கிடந்தது, ரத்தம் பார்க்காத கத்தி என்று ஊரில் சொல்லியிருந்தார். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு வைத்தால் காத்துக் கருப்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமாவுக்கும் அத்தைக்கும் முதல் பிள்ளை பிறந்தபோது இந்தக் கத்தியை வைத்தார்கள். அடுத்து பக்கத்து வீட்டில் கேட்டார்கள். போகப்போக ஊரே கேட்க ஆரம்பித்தது.

கண் மங்கிப் போனதும் மாமா என்னைக் கூப்பிட்டு, நீங்கள்தான் இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கையில் கொடுத்தால் உறவு முறியும் என்று தரையில் வைத்தார், நான் எடுத்துக்கொண்டேன். யார் வீட்டுப் பிரசவத்துக்குக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கினார். வாசல் வரை கூடவே வந்தவர், அங்கே வைத்துத்தான் குரலைத் தணித்தார்.

"மாப்ளே, அது சேத்துல கெடந்தது இல்ல. ஒருத்தன் அதைத்தான் எம்மேல ஓங்குனான். பிடுங்கி அவனையே குத்திப்புட்டேன். அவனுக்கு மீசைகூட ஒழுங்கா முளைக்கல. பொம்பளைகளுக்குத் தெரிஞ்சா இதத் தொடமாட்டாக. சொல்லிறாதீக."

கத்தி சேர்க்கிற வேறு யாராவது என்றால் இந்தக் கதைக்குத் துள்ளிக் குதித்திருப்பான். நான் அதைப் பையின் அடியில் தள்ளி மூடினேன். அன்றிலிருந்து ஊரிலிருந்து போன் வந்தால் கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன். பாலத்துப் பக்கம் போலீஸ் பையைத் திறக்கச் சொன்னால் பிரசவத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்ல வேண்டும், அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பச்சைப்பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் அதை வைக்கும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். மஞ்சளும் துருவுமாகத் திரும்பி வரும். துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோனேன்.

இந்த வருடம் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேத்தியோடு வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுங்கள் என்றாள் என் மனைவி. நான் கூர்க்கா கத்தியைக் கொண்டுபோய் நீட்டினேன். இது இல்லை, மாமா கத்தி என்றாள். எல்லாம் இரும்புதானே என்றேன். மகளும் தாயோடு சேர்ந்துகொண்டாள். ஊரார் பிள்ளைகளுக்கு வைத்தபோது வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு, என் பேத்திக்கு என்றதும் முடியவில்லை. வெட்கத்தோடு, நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். இனி ஊரில் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள், கடைசிக் காலத்தில் மாமாவைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிள்ளைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரக்கூட இல்லை. "தெரியுமே" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"செத்துப்போன அத்தைதான். பட்டாளத்துல இருந்து வந்த நாள்ல இருந்து மாமா தூக்கத்துல அந்தப் பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டே கெடந்தாகளாம். கூடப் படுத்தவளுக்குத் தெரியாமயா இருக்கும்? ஒரு பச்சப்பிள்ளை பக்கத்துல அதை வச்சா அவுக மனசு ஆறும்னு அத்தைதான் மொதல்ல எடுத்து வச்சது. வச்ச அன்னைக்கெல்லாம் நல்லாத் தூங்குனாகளாம். அதுக்குத்தாங்க ஊர்ப் பொம்பளைக நாங்க எல்லாரும் கேட்டு வாங்குறது."

இத்தனை வருடமாக நான் ஒருவனே சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் முதலில் வந்தது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. அப்புறம் அழுகை வந்தது. கத்தியை எடுத்துப் பேத்தியின் தலைமாட்டில் நானே வைத்தேன்.

பேத்தி பிறந்த சேதியைச் சொல்ல சிக்கலுக்குப் போனேன். மாமா கட்டிலில் இருந்தார். என் குரலைக் கேட்டதும் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டு, கத்தியை வைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டார். வைத்தோம் என்றேன். பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று காது கொடுத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்டே இழுத்தார்.

"வீட்டுல ஒண்ணும் தெரியாதுல்ல?"

"யாருக்கும் தெரியாது மாமா" என்றேன்.