இருட்டாக இருக்க வேண்டிய தட்டு

நுண்ணோக்கியின் அடியில் தட்டை வைக்குமுன் அவள் அதனிடம் பேசுவாள். "கண்ணு, இன்னைக்காவது உண்மையச் சொல்லிடு." தட்டில் இருப்பவை வளர்ப்புச் செல்கள். பன்றிக்குடலில் காவல் காக்கும் புரதம் ஒன்றை அவற்றின் மேல் பதித்திருக்கிறாள். நல்ல பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்கு வந்து பட்டால் அந்தப் புரதம் அதை அடையாளம் கண்டுகொள்ளும். செல் பச்சையாக ஒளிரும்.

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் 'சந்தேகக்கா' என்று பெயர். வீட்டில் மாமியாருக்கு மருமகளைப் பற்றிப் பெருமைதான். ஆனால் பக்கத்து வீட்டார் கேட்டால் "குடல் ஆராய்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். யாருடைய குடல் என்பதை விழுங்கிவிடுவார். "பன்னிக்குட்டிங்களும் குழந்தைங்க மாதிரிதான் அத்தை, பால் மறக்கடிச்சா வயித்தால போகுது" என்று இவள் ஆரம்பித்தால், "சாப்பிட்டு முடிச்சிடறேன், அப்புறம் சொல்லும்மா" என்பார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் தட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் கைதட்டினார். கேக் வந்தது. இவள் மட்டும் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் புரதம் இல்லாத செல்லுலயும் போட்டுப் பாத்துடலாம் சார்."

"நல்ல நேரத்துல ஏம்மா குறுக்க விழற?"

போட்டுப் பார்த்தாள். இருட்டாக இருக்க வேண்டிய தட்டும் ஒளிர்ந்தது. துணுக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த வேறொரு கிருமியின் கசடுதான் செல்களை ஒளிர வைத்திருந்தது. தலைவரின் முகம் சுண்டிப்போயிற்று. கேக்கை யாரும் தொடவில்லை. அவள் மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டாள். "பொய்யி இங்கயே மாட்டுச்சே, அதுக்குதான்" என்றாள்.

பிறகு மாதக்கணக்கில் அந்தத் துணுக்கைக் கழுவுவதும் வடிப்பதும் மறுபடி கழுவுவதுமே வேலை. போன வாரம் ஒரு தட்டு ஒளிர்ந்தது. புரதம் இல்லாத பக்கத்துத் தட்டு கும்மிருட்டு. திரும்பத் திரும்பச் செய்தாலும் அப்படியே. தலைவர் இம்முறை அவசரப்படாமல் அவள் முகத்தையே பார்த்தார். "இப்ப கைதட்டுங்க சார்" என்றாள்.

நேற்று பன்றிப் பண்ணைக்குப் போனாள். அந்த பாக்டீரியாவை அங்கே திடமாக வளர்ந்த ஒரு குட்டியின் மலத்திலிருந்துதான் பிரித்தெடுத்திருந்தாள். பண்ணைக்காரர் போன ஈற்றில் பாதிக் குட்டிகளைக் கழிச்சலுக்குப் பறிகொடுத்தவர்.

"அப்ப இனிமே பொழைச்சுக்கும்ல?"

"தெரியலண்ணே. தட்டுல இருக்கற செல்லு அந்தக் கிருமிய அடையாளம் கண்டுக்கிச்சு. வயித்துக்குள்ள என்ன பண்ணும்னு இனிமேதான் பாக்கணும்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார். "நீங்க தெரியலன்னு சொல்றதே தெம்பா இருக்கு. அந்தச் சோதனைய இங்கயே பண்ணிப் பாருங்க" என்று கொட்டிலின் கதவைத் திறந்துவிட்டார். அவள் குந்தி உட்கார்ந்ததும் குட்டிகள் மொய்த்துக்கொண்டன. ஒன்று அவளுடைய மேலங்கியின் நாடாவைக் கவ்வி இழுத்துச் சப்பத் தொடங்கியது. வாய்க்கு எதுவும் அகப்படாமல் முட்டிக்கொண்டிருந்த இன்னொன்றிடம், மறுபக்கத்து நாடாவை அவளே அவிழ்த்து நீட்டினாள்.