அமெரிக்க ஆண் அக்கா வீட்டுக்குப் போன கதை

எனக்குப் பயம் வந்தால் பசிக்கும். மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நாக்கு வறளும். எனக்கு வயிறு திறந்துகொள்ளும். யுத்த காலத்து மட்டக்களப்பில் இப்படியொரு உடம்போடு இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரே மெலிந்த வருடங்களில் நான் மட்டும் இரண்டு தடவை காற்சட்டையின் இடுப்பைப் பெருப்பித்துத் தைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாவிக்கரையில் ஓடு போட்ட ஒரு பழைய கட்டடத்தில், ஆசிரியர் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு டிப்ளோமா வகுப்பு நடந்தது. நான் அங்கே தற்காலிக விரிவுரையாளர். பாடத்திட்டத்தை வகுத்தவர் அமெரிக்காவில் படித்து வந்தவர். பிரச்சினை முற்றியதும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அவர் போட்ட பாடம் மட்டும் போகாமல் நின்றது: ‘இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க சமூகத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்.’

அதிபர் அதை என் தலையில் கட்டினார். “நீங்கதானே தம்பி இங்கிலீசுப் பேப்பர் வாசிக்கிற ஆள்” என்றார். நான் வாசித்தது கிரிக்கெட் பக்கத்தை மட்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மேசையில் வடை இருந்தது. வாய் வேறு வேலைக்குப் போய்விட்டது.

பாடப்புத்தகம் என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதற்குள்ளும் கறையான் புகுந்திருந்தது. கறுப்பின மக்கள் பஸ்ஸில் விரும்பிய இடத்தில் உட்காரப் போராடிய அத்தியாயத்தை முழுசாக விட்டுவைத்த கறையான், புருசன் பெண்சாதி பிரிகிற அத்தியாயத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தின்றிருந்தது. எங்கள் ஊர்க் கறையான் அல்லவா, அதற்கும் ஊர்க்கதையில்தான் ருசி.

மிச்சத்துக்கு நான் தன்னாமுனைத் தேவாலயச் சுவாமியாரிடம் போனேன். எப்போதோ அங்கே இருந்த வெள்ளைக்காரக் குருமார் விட்டுப்போன அமெரிக்கச் சஞ்சிகைகள் அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவருக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். வழியில் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. ஆமிக்காரன் பையைத் திறந்து பார்த்து முடிப்பதற்குள் நான் ஐந்து பழம் சாப்பிட்டுவிட்டேன். சுவாமியாருக்கு மிச்சத்தைக் கொடுத்தபோது, “வாற வழியில குரங்கு கூடவோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் இல்லைதானே.

அந்தச் சஞ்சிகைகளில் கட்டுரைகளை விட விளம்பரங்கள்தான் எனக்கு விளங்கின. வருட வாரியாக அடுக்கிப் பார்த்தேன். பழையவற்றில் ஒரு பெண் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாள். இருபது வருடம் தள்ளி அவளே தோல்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு படியிறங்கினாள். அடுப்படியில் புருசன் நின்றான், அவன் சிரிக்கவில்லை. இன்னும் பத்து வருடம் தள்ளி அடுப்படியில் ஒருவருமே இல்லை, பெட்டிக்குள் சோறு தானாகச் சூடாகியது. இதைத்தான் சமூக மாற்றம் என்று படிப்பித்தேன். இன்றைக்கும் அது பெரிய பிழை என்று நான் நினைக்கவில்லை. பெரிய பிழை பிறகு வந்தது.

வகுப்பில் இருபத்திரண்டு பேர், அவர்களில் பதினெட்டுப் பேர் பெண்கள். ஆண்கள் எங்கே என்று அந்த நாளில் யாரும் கேட்பதில்லை. கொஞ்சப் பேர் வெளிநாட்டில், கொஞ்சப் பேர் காட்டில், கொஞ்சப் பேரைப் பற்றித் தாய்மாரிடம் கேட்கக் கூடாது. அந்தப் பதினெட்டில் முன் வாங்கில் இருந்தவள் உன்னிச்சைக்காரி. முப்பது வயதைத் தாண்டியவள். தகப்பன் இல்லை, தமையன் சுவிசில். வயல் வட்டைக்குள் இறங்கி வரம்பு கட்டித் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் திங்கட்கிழமை வகுப்புக்கு வருவாள். காலில் சில நேரம் சேறு காய்ந்திருக்கும். இந்த டிப்ளோமாவை இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் இடம்பெயர்வில் விட்டவள். இது மூன்றாவது. இந்த வருடம் சித்தியடைந்தால் ஆசிரியர் நியமனம். தவறினால் வயது எல்லை தாண்டிவிடும், மறுபடி கேட்கவே ஏலாது. இது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் அவளைப் பார்க்கும்போது எனக்கும் ஞாபகம் வரும், உடனே பசிக்கும்.

அவளுக்கு வாய் நீளம். பஸ் ஆசனப் போராட்டத்தை நான் உருகி உருகிச் சொல்லி முடித்தபோது, “எங்கள ஒவ்வொரு சென்றியிலயும் இறக்கி நடத்தித்தானே சேர் ஏத்துறாங்க. ஆசனம் கிடைச்சும் என்ன?” என்றாள். இன்னொரு நாள், அமெரிக்கப் பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதைப் பற்றி.

“அது பெரிய மாற்றமோ சேர்?”

“மிகப் பெரிய மாற்றம், புள்ள.”

“அப்ப அதுக்கு முந்தி வேலையெல்லாம் ஆர் செஞ்ச?”

வகுப்பே சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, சட்டைப் பைக்குள் கிடந்த பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் கடித்தேன்.

அப்புறம் ஒரு நாள் மணமுறிவு. ஒரு சஞ்சிகைப் படத்தைக் காட்டினேன். வீட்டு வாசலில் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஆண் பெட்டியோடு படியிறங்குகிறான். பின் வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“வீட்ட விட்டு ஏன் சேர் அவன் போறான்? அவள் ஏன் போகல்ல?”

புத்தகத்தில் அந்தப் பக்கம் கறையான் வயிற்றுக்குள் இருந்தது. என் கை பிஸ்கட்டைத் தேடிப் பைக்குள் போனது. ஆனால் பதில் எனக்குக் கண் முன்னாலேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பாள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். சண்டை வந்தால் சாரத்தையும் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வெளியேறுவது அவன்தான். உலகத்தில் வேறு எப்படி இருக்க முடியும்?

“வீடு அவளுடையது. தாய் கொடுத்தது” என்றேன் அழுத்தமாக.

“அப்ப அவன் எங்க போவான்?”

“அக்கா வீட்டுக்கு.”

இருபத்தொரு தலைகள் ஆடின. ஆண் வேறு எங்கே போவான், தாய் வீடு அக்காவுக்குப் போய்விட்டதல்லவா. உற்சாகம் தலைக்கேறி, அமெரிக்கச் சீதன முறை என்று தலைப்புப் போட்டு ஒன்றரைப் பக்கம் குறிப்புக் கொடுத்தேன். உன்னிச்சைக்காரி மட்டும் பேனையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்தாள். பிறகு சஞ்சிகைகளைக் காட்டி, “இந்தப் பொத்தகங்கள ஒரு கிழமைக்குத் தருவீங்களா சேர்?” என்று கேட்டாள். கொடுத்தேன்.

வருட முடிவுப் பரீட்சையில் கட்டாயக் கேள்வியாக நான் போட்டது அதைத்தான்: மணமுறிவுக்குப் பின் அமெரிக்கக் குடும்பமும் வீடும். தற்காலிக ஆட்கள் வினாத்தாளும் மாதிரி விடையும் தயாரிக்கலாம், விடைத்தாள் திருத்தக் கூடாது என்பது அங்கே விதி. திருத்துவது வந்தாறுமூலையில் குடியிருந்த ஒரு பரீட்சகர். மாதிரி விடையை, அக்கா வீடு உட்பட, அழகான கையெழுத்தில் எழுதி உறையில் இட்டு ஒட்டினேன்.

பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் காலை, தன்னாமுனைச் சுவாமியார் ஒரு பொதி அனுப்பியிருந்தார். பிரித்தால் அதே பாடப்புத்தகம், கறையான் தொடாத பிரதி. குடும்ப அத்தியாயத்தில் யாரோ பென்சிலால் கோடு கிழித்திருந்தார்கள். வாசித்தேன். வீட்டைத் தாய் கொடுப்பதில்லை. புருசனும் பெண்சாதியும் சேர்ந்து வங்கியில் கடன்பட்டு வாங்குகிறார்கள். பிரிந்தால் யாருக்கு என்று நீதிமன்றம் சொல்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் தாயோடு இருப்பதால் வீடும் அவளோடு நின்றுவிடுவதுண்டு. அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. தேடினேன். பொருளடக்கத்திலும் தேடினேன்.

எனக்கு அடுத்து ஞாபகம் இருப்பது, அக்கா பிட்டுக்கென்று துருவி வைத்த தேங்காய்ப்பூவை நான் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. நான் அப்போது குடியிருந்ததே அக்கா வீட்டில்தான்.

“என்ன மனே, பேய் பிடிச்ச மாதிரி?” என்றாள் அக்கா.

சொன்னேன். இருபத்திரண்டு பேரும் நான் சொன்னதை வரிக்கு வரி எழுதியிருப்பார்கள். விசயம் தெரிந்த பரீட்சகர் என் மாதிரி விடையை நம்ப மாட்டார், கட்டாயக் கேள்வியில் எல்லாருக்கும் பூச்சியம். உன்னிச்சைக்காரிக்கு வயது எல்லை.

“அமெரிக்காவில அக்காமார் தம்பிமாரப் பாக்க மாட்டாங்களா?” என்று கேட்டாள் அக்கா. அவளுக்கு அதுதான் அதிர்ச்சி.

சைக்கிளை எடுத்தேன். விடைத்தாள் கட்டு அரை மணித்தியாலத்துக்கு முன் வான் வண்டியில் ஏறிவிட்டது என்றார்கள் பரீட்சை நிலையத்தில். வானைச் சைக்கிளில் துரத்துவது வேறு ஊரில் பைத்தியக்காரத்தனம். எங்கள் ஊரில் அப்படியில்லை, சென்றியில் வான்கள் வரிசையில் நிற்கும். தன்னாமுனைக்குக் கிட்ட வரிசையில் ஏழாவதாக நின்றது அந்த வான். பரீட்சைக் கிளாக்கர் வெயிலில் இறங்கி நின்றார், அரக்கு முத்திரையிட்ட துணிக்கட்டை மார்போடு அணைத்தபடி.

“கட்ட அவிழுங்க ஐயா. மாதிரி விடையில பிழை என்டது எண்டு ஒரு குறிப்பு எழுதோணும்.”

“அரக்கு உடைஞ்சா என்ட வேல உடையும், தம்பி.”

“இருபத்திரண்டு பேர் பெயிலாகப் போறாங்க.”

“நீங்க படிப்பிச்சா அப்பிடித்தான்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, காலநிலை சொல்வது போலச் சொன்னார். பிறகு பாவம் பார்த்து, “ஒரு கடிதம் எழுதித் தாங்க. பரீட்சகரிட கையில குடுக்கிறன்” என்றார்.

சைக்கிள் சீற்றில் கடதாசியை வைத்து எழுதினேன். பிழை முழுதும் என்னுடையது, பிள்ளைகள் நான் சொன்னதை நம்பி எழுதியவர்கள், தண்டிப்பதானால் என்னைத் தண்டியுங்கள். ஒரு கை எழுதியது. மறு கை கிளாக்கரின் மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்ததை அவர் தட்டிவிட்ட பிறகுதான் கவனித்தேன்.

ஒரு இளம் ஆமிக்காரன் வந்து, என்ன எழுதுகிறாய் என்று சைகையில் கேட்டான். என் சிங்களம் மூன்று சொல்: கெதர என்றால் வீடு, நோனா என்றால் வீட்டுக்காரி, மாத்தயா என்றால் வீட்டுக்காரன். மிச்சத்தைக் கையால் காட்டினேன். நோனா வீட்டில், மாத்தயா பெட்டியோடு வெளியே. அவன் முகம் மாறியது. என் தோளில் தட்டினான். காவல்கொட்டிலுக்குள் போய் ஒரு பிஸ்கட் பக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். அந்த நோனா என்னுடையவள் அல்ல, எனக்குக் கலியாணமே ஆகவில்லை என்று விளக்க நான்காவது சொல் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே முழு பக்கெட்டையும் சாப்பிட்டேன். அவன் இன்னும் இரக்கப்பட்டான்.

ஆறு கிழமை போனது. நான் எவ்வளவு தின்றேன் என்பதை எழுதினால் இந்தப் பக்கம் காணாது. பிறகு வந்தாறுமூலையிலிருந்து கடிதம் வந்தது. பரீட்சகரின் தமிழ் இஸ்திரி போட்டது போல இருந்தது. நான் குறிப்பிட்ட பிழையை இருபத்திரண்டு விடைத்தாள்களிலும் கவனமாகத் தேடியதாகவும், ஒன்றில்கூட அது இல்லை என்றும், அனைவரும் வங்கிக் கடன், நீதிமன்றம், பிள்ளைகளின் பொறுப்பு என்று சரியாகவே எழுதியிருப்பதாகவும், அனைவரும் சித்தி என்றும் அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி: ‘மாதிரி விடையில் மட்டும் கணவன் தமக்கையின் வீட்டுக்குச் செல்வதாக உள்ளது. ஆதாரம் அறியத் தரவும்.’

கதிரையில் உட்கார்ந்தேன். பென்சில் கோடு ஞாபகம் வந்தது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் குட்டிக் குட்டியாகத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தது. ஒரு வருடமாக நான் பார்த்த கையெழுத்து.

பெறுபேறு ஒட்டிய அன்று உன்னிச்சைக்காரி வந்தாள். கேட்டேன்.

“நீங்க தந்த பொத்தகங்கள்ள வீட்டுக்குக் கடன் குடுக்கிற விளம்பரம் பக்கத்துக்குப் பக்கம் கிடந்திச்சி சேர்” என்றாள். “தாய் குடுக்கிற வீட்டுக்கு ஆரும் முப்பது வருசம் பேங்குக்குக் கட்டுவாங்களா? மறுகா தன்னாமுனைக்குப் போய்ச் சுவாமியாரக் கேட்டன். அவர் முழுப் பொத்தகம் ஒண்டு தேடித் தந்தார். அதப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் படிச்ச. சோதின முடிஞ்சாப் பிறகு உங்களுக்கு அனுப்பச் சொன்னன்.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, புள்ள.”

“எப்பிடிச் சேர் சொல்ற? அண்டைக்கு அந்தக் கேள்வி கேக்கக்குள்ளேயே நீங்க பைக்குள்ள கைய விட்டிட்டீங்க. இதையும் சொன்னா அந்த மாசச் சம்பளம் முழுக்கப் பிஸ்கட்டுக்குப் போயிருக்கும் எண்டு பிள்ளையள் எல்லாம் பேசி, விட்டிட்டம்.”

ஆக, நான் திரும்பி நின்று சத்தமில்லாமல் கடித்தது இருபத்திரண்டு பேருக்கும் கேட்டிருக்கிறது. அவர்களைக் காப்பாற்ற நான் சைக்கிளில் ஓடிய ஓட்டமெல்லாம், அவர்கள் என்னைக் காப்பாற்றி முடித்த பிறகு ஓடிய ஓட்டம்.

அடுத்த மாதம் அவள் உன்னிச்சைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாகப் போனாள். போகுமுன் ஒரு குலை வாழைப்பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவள் வளவில் விளைந்தது.

“பயப்படாமச் சாப்பிட்டுப் பாருங்க சேர். ருசி தெரியும்” என்றாள்.

ஒன்றை உரித்துச் சாப்பிட்டேன். உண்மைதான், நல்ல ருசி. ஒன்றோடு போதும் என்றும் இருந்தது. பிறகு, பரீட்சகருக்கு ஆதாரம் எழுதி அனுப்ப வேண்டுமே என்ற நினைப்பு வந்தது. இரண்டாவதை உரித்தேன்.