காலி வீதிக்கு ஏறாத கார்

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் அந்தக் கார்க்காரரைச் சந்தித்தேன். யுத்த காலம். வாடகைக்கு ஹயர் ஓடுவதற்கு நான் ஒரு பழைய கார் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மெலிந்த, உயரமான மனிதர். கதைக்கும்போதெல்லாம் தோள் துண்டால் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டிக் காட்டினார். ஒழுங்கை முனையில் காலி வீதி என்ற பெருந்தெரு தெரிந்ததும் நிறுத்தி, பின்பக்கமாகவே திரும்பி வந்தார்.

"மெயின் ரோட்டில ஓடிப் பாக்கலாமே, ஐயா?" என்று கூச்சத்தோடு கேட்டேன்.

"அங்க செக் பொயின்ற் தம்பி. காரின்ர பதிவுப் புத்தகம் யாழ்ப்பாணத்தில, எங்கட வீட்டு அலுமாரிக்குள்ள. வீட்டில இப்ப ஆமி இருக்கு. கார் அண்ணன்ர பேரில. அவரும் செத்துப்போனார். ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

மகனிடம் கனடா போக அவருக்குக் காசு வேண்டும். மருதானை உதிரிப்பாகக் கடைக்காரர் ஒருவர், காரைக் கழற்றி விற்பதற்காக அரை விலைக்குக் கேட்டிருந்தார். எனக்குக் கார் பிடித்துவிட்டது. முழு விலைக்கே எடுப்பதாகச் சொன்னேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "உமக்கு எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம், பருத்தித்துறை."

"ஐடென்ரிற்றியிலயும் அதுதானே கிடக்கு? புத்தகமில்லாத காரோட பிடிச்சால், குண்டு வைக்கக் கொண்டந்தது எண்டுதான் சொல்லுவாங்கள். கழட்டினால் கார் மட்டும்தான் போகும்."

"ஹயர் ஓடாட்டி நான் என்னத்தைச் செய்யிறது, ஐயா?"

"அதை உயிரோட இருந்து யோசியும்."

தேத்தண்ணி தந்து அனுப்பினார். அடுத்த கிழமை மருதானைக்காரர் வந்து காரைக் கழற்றியதாகக் கேள்விப்பட்டேன். கைக்கு வந்த முழு விலையை விட்டு என்னைத் திருப்பி அனுப்பியவர், கடைசிவரை என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.